ஒரே முதலாளி, ஒரே ஊர், வேறு வேறு முதுமை: வொயிட்ஹால் ஆய்வுகளின் கதை

லண்டனில் நாடாளுமன்றத்தில் இருந்து டிரஃபால்கர் சதுக்கம் வரை போகிற சாலைக்கு வொயிட்ஹால் என்று பெயர். பிரிட்டிஷ் அரசின் பெரிய துறைகள் பலவும் அங்கேதான் இருக்கின்றன. நாம் 'கோட்டை' என்றால் தலைமைச் செயலகம் என்று புரிந்துகொள்கிற மாதிரி, அங்கே வொயிட்ஹால் என்றால் அரசு நிர்வாகம். அந்த அலுவலகங்களில் வேலை பார்த்த அதிகாரிகள், கிளார்க்குகள், பியூன்கள் ஆகியோரின் உடம்பை சுமார் 60 ஆண்டுகளாக அளந்துகொண்டே வந்திருக்கிறார்கள். அதில் பெரும்பாலான காலம் இந்த வேலையோடு ஒட்டியிருக்கும் பெயர் மைக்கேல் மார்மட். மூப்பு எல்லாருக்கும் ஒரே வேகத்தில் வருவதில்லை, வேலையில் நாம் நின்ற படியைப் பொறுத்து அதன் வேகம் மாறுகிறது என்பதை இந்த அளவுக்கு எண்ணிக்கையோடு காட்டிய ஆய்வுகள் மிகக் குறைவு. இது தெரிந்த பிறகும் ஓய்வூதிய வயது என்று எல்லாருக்கும் ஒரே எண்ணை எழுதி வைப்பது நியாயமில்லை என்பது என் கருத்து. அதற்கு எப்படி வந்து சேர்கிறேன் என்பதற்காகத்தான் இந்தக் கதையை முழுதாகச் சொல்கிறேன்.

முதல் சுற்று

1967இல் டொனால்ட் ரீட், ஜெஃப்ரி ரோஸ் என்ற இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் இருந்து இதைத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 18,000 அரசு ஊழியர்கள், அத்தனை பேரும் ஆண்கள், நடுத்தர வயதுக்காரர்கள். இதயநோயும் சர்க்கரை நோயும் யாருக்கு வருகின்றன, ஏன் வருகின்றன என்று பார்ப்பதுதான் நோக்கம். ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், ரத்தச் சர்க்கரை, உயரம், எடை, இசிஜி, சிகரெட் பழக்கம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள். கூடவே படிவத்தின் ஒரு கட்டத்தில் அவரவர் பதவி. மேலே நிர்வாக அதிகாரிகள், அடுத்து தொழில்நுட்ப, செயலாட்சி அலுவலர்கள், அடுத்து கிளார்க்குகள், கடைசியில் பியூன்களும் வாசலில் நிற்கிறவர்களும். கடைசியில் மற்ற எல்லாக் கட்டங்களையும் விட அதிகம் பேசியது இந்தப் பதவிக் கட்டம்தான்.

அந்தக் காலத்தில் (இன்றும் பலர் இப்படித்தான் நம்புகிறார்கள்) மாரடைப்பு என்பது பெரிய பதவிக்காரர்களின் நோய். பொறுப்பு அதிகம், டென்ஷன் அதிகம், பாவம் அதிகாரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறார், கீழே இருப்பவருக்கு என்ன கவலை, சொன்ன வேலையைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறார் என்ற கணக்கு. ஏழரை ஆண்டு பின்தொடர்ந்து 1978இல் மார்மட்டும் ரோஸும் மற்ற இருவரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை இதைத் தலைகீழாகப் புரட்டியது. இதயநோயால் இறக்கும் வீதம் உச்சியில் இருந்த அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களிடம் 3.6 மடங்கு.

ஏழைகள் சீக்கிரம் சாகிறார்கள் என்பது யாருக்கும் புதுச் செய்தி இல்லை. ஆனால் இவர்களில் யாரும் பட்டினி கிடந்தவர்கள் இல்லை. எல்லாருக்கும் நிரந்தர அரசு வேலை, மாதச் சம்பளம், பென்ஷன். 1948 முதல் அந்த நாட்டில் மருத்துவம் இலவசம், ஆகவே டாக்டரைப் பார்க்கக் காசில்லை என்ற காரணமும் இல்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் தூசி குடித்தவர்களும் இல்லை, மேசையும் நாற்காலியும் கோப்பும்தான். அப்படி இருந்தும் படிக்குப் படி வித்தியாசம். இரண்டாவது படியில் இருந்தவர், அதாவது நல்ல சம்பளம் வாங்கிய, படித்த, சொந்த வீடு வைத்திருக்கக்கூடிய அலுவலர், அவரும் தனக்கு ஒரு படி மேலே இருந்தவரைவிடக் கூடுதலாக நோயுற்றார், கூடுதலாக இறந்தார். அடிமட்டத்தில் ஒரு பள்ளம், மற்றவர்களெல்லாம் சமதளம் என்று இருந்திருந்தால் இது வறுமையின் கதை என்று முடித்துவிடலாம். இது மேலிருந்து கீழ்வரை ஒரே சரிவு.

சரி, கீழே இருப்பவர்கள் அதிகம் சிகரெட் பிடிப்பார்கள், அதுதான் காரணமாக இருக்கும் என்று உடனே தோன்றும். உண்மையில் பிடித்தார்கள். ரத்த அழுத்தமும் சற்று அதிகம், உடற்பயிற்சி குறைவு. உயரமும் குறைவாக இருந்தார்கள், அது சிறுவயதில் என்ன சாப்பிட்டு வளர்ந்தார்கள் என்பதன் சுவடு. ஆனால் கொலஸ்ட்ரால் மேல்பதவிக்காரர்களிடம்தான் கொஞ்சம் கூடுதலாக இருந்தது! தெரிந்த அபாயக் காரணிகளை எல்லாம் கணக்கில் கழித்துப் பார்த்தார்கள், அப்போதும் இடைவெளியின் பெரும்பகுதி அப்படியே நின்றது. சிகரெட்டே தொடாதவர்களிடையேகூட அதே சரிவு தெரிந்தது.

மார்மட் எங்கிருந்து வந்தார்

1945இல் லண்டனில் பிறந்து, சிறுவனாக ஆஸ்திரேலியா போய், சிட்னியில் மருத்துவம் படித்தவர். மருத்துவமனையில் நோயாளிக்கு மருந்து கொடுத்து அவரை நோயாளி ஆக்கிய அதே சூழலுக்குத் திருப்பி அனுப்புகிறோமே என்ற உறுத்தல்தான் தன்னை இந்தப் பக்கம் திருப்பியது என்று அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் லெனார்ட் சைமிடம் முனைவர் ஆய்வு. ஜப்பானில் இருந்த ஜப்பானியர்கள், ஹவாயில் குடியேறியவர்கள், கலிஃபோர்னியாவில் குடியேறியவர்கள் ஆகிய மூன்று கூட்டத்தாரை ஒப்பிட்ட ஆய்வு அது. அமெரிக்காவை நெருங்க நெருங்க இதயநோய் ஏறியது. பரம்பரை ஒன்றுதான், ஊர்தான் வேறு. கலிஃபோர்னியாவிலேயே ஜப்பானிய வாழ்முறையையும் உறவு வட்டத்தையும் விடாமல் வைத்திருந்தவர்களிடம் இதயநோய் ஜப்பான் அளவுக்கே குறைவாக இருந்தது. உணவு, புகை போன்ற வழக்கமான காரணிகளால் மட்டும் அதை விளக்க முடியவில்லை. இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு லண்டன் திரும்பிய ஆளிடம் வொயிட்ஹால் தரவு கிடைத்ததால்தான் அந்தப் பதவிக் கட்டத்தை அவர் சும்மா தாண்டிப் போகவில்லை என்று நினைக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு என்ன ஆனது

வேலைதான் ஆளைக் கொல்கிறது என்றால் வேலையை விட்ட பிறகு வித்தியாசம் மறைய வேண்டும் இல்லையா? இதை 1996இல் மார்மட்டும் மார்ட்டின் ஷிப்லியும் 25 ஆண்டுத் தரவை வைத்துப் பார்த்தார்கள். 40 முதல் 64 வயதுக்குள் ஏற்பட்ட இறப்புகளில் கடைநிலைக்கும் உச்சிக்கும் உள்ள விகிதம் 3.12. 70 முதல் 89 வயதில் அது 1.86. குறைகிறது, ஆனால் மறையவில்லை. நாற்காலியைக் காலி செய்து பத்து இருபது வருடம் ஆன பிறகும் அந்த நாற்காலி எது என்பது அவருடைய ஆயுளைச் சொல்கிறது.

அதே கட்டுரையில் இன்னொரு விஷயம் உண்டு, இதைப் பலரும் கவனிப்பதில்லை. இந்த ஊழியர்களிடம் ஆரம்பத்திலேயே சொந்தமாகக் கார் இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். வேலையில் இருக்கும் காலத்தில் இறப்பை முன்கூட்டிச் சொல்வதில் பதவி காரை மிஞ்சியது. ஓய்வுக்குப் பிறகு பதவியின் பிடி தளர்கிறது, காரின் பிடி அவ்வளவாகத் தளரவில்லை, இரண்டும் சமமாகி விடுகின்றன. அதாவது முதுமையில் அலுவலக அதிகாரத்தின் நிழல் கொஞ்சம் மங்கி, கையில் இருக்கும் வசதியின் நிழல் நிற்கிறது. அப்புறம் ஒன்று: விகிதம் குறைந்தாலும் உண்மையான எண்ணிக்கை இடைவெளி வயதோடு கூடிக்கொண்டே போனது. வயதானால் இறப்பு எல்லாருக்கும் கூடுகிறது, கூடின தொகையில் 1.86 மடங்கு என்பது நடுவயதின் 3.12 மடங்கைவிட அதிக உயிர்கள்.

இரண்டாம் சுற்று: 10,308 பேர்

முதல் ஆய்வில் பெண்களே இல்லை என்பது பெரிய குறை. 1985இல் தொடங்கிய இரண்டாவது வொயிட்ஹால் ஆய்வில் 20 துறைகளில் இருந்து 35 முதல் 55 வயது வரையான 10,308 பேர் சேர்ந்தார்கள், அதில் 3,413 பெண்கள். முதல் ஆய்வுக்குப் பிறகு 20 ஆண்டுகள் ஓடியிருந்தன, நாடு பணக்கார நாடாகி இருந்தது, ஆனாலும் அந்தச் சரிவு குறையவில்லை என்று 1991இல் வந்த முதல் அறிக்கையே சொல்லிவிட்டது. மருத்துவ விடுப்பை எண்ணிப் பார்த்ததில் ஆண்களில் கடைநிலையில் இருந்தவர்கள் உச்சியில் இருந்தவர்களைப் போல ஆறு மடங்கு தடவை விடுப்பு எடுத்திருந்தார்கள்.

இந்த முறை வேலையின் தன்மையைப் பற்றிக் கேட்டார்கள். உங்கள் வேலையை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்க உங்களுக்கு உரிமை உண்டா? எப்போது ஓய்வெடுப்பது என்பது உங்கள் கையில் உள்ளதா? உங்களைப் பற்றிய முடிவுகளை வேறு யாரோ எடுக்கிறார்களா? இதைத்தான் 'வேலை மீதான கட்டுப்பாடு' என்கிறார்கள். நோயுள்ளவர் தன் வேலையைப் பற்றிக் குறையாகவே சொல்வார் என்ற சந்தேகம் வரக்கூடும் என்பதால், ஊழியர் சொன்னதோடு நிற்காமல் பணியாளர் மேலாளர்களையும் தனியாக மதிப்பிடச் சொன்னார்கள். இந்த ஆய்வுக்குள்ளேயே இரண்டு முறை கேட்டபோதும் கட்டுப்பாடு குறைவாக இருந்தவர்களுக்குப் புதிதாக இதயநோய் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரு மடங்கு. வேலைப் பளு மட்டும் ஆளை வீழ்த்துவதில்லை, பளு இருந்து பிடி இல்லாமல் இருப்பதுதான் வீழ்த்துகிறது என்பது ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் முன்பே வைத்திருந்த கருத்து. அதற்கு இங்கே பெரிய ஆதாரம் கிடைத்தது.

ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு நிஜச் சோதனையும் அமைந்தது. அந்த 20 துறைகளில் ஒன்று அரசுக் கட்டடங்களைக் கட்டிப் பராமரிக்கிற முகமை. தாட்சர் ஆட்சிக் காலத்தில் அதைத் தனியாருக்குக் கொடுப்பதாக முடிவானது. கைமாறும் முன்பே, வேலை போகுமா நிற்குமா என்று தெரியாத அந்த இடைக்காலத்தில், அங்கே இருந்தவர்களின் உடல்நலம் மற்ற துறைக்காரர்களை விட மோசமானதை ஜேன் ஃபெர்ரி தலைமையில் 1995இல் பதிவு செய்தார்கள். இதற்கு அவர்கள் அதிகம் குடித்ததோ புகைத்ததோ காரணமாகத் தெரியவில்லை. சம்பளம் அதே சம்பளம், நாற்காலி அதே நாற்காலி. நாளைக்கு என்ன ஆகும் என்பது மட்டும்தான் மாறியிருந்தது.

எட்டு அடி நடை

பிறகு இந்த ஊழியர்களுக்கு வயதானது, ஆய்வும் அவர்களோடு சேர்ந்து முதுமை ஆய்வாக மாறியது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனைக்கு வருவார்கள். ரத்தம் எடுப்பார்கள், நினைவாற்றல் சோதனை வைப்பார்கள். பின்னாளில் ஒரு சின்னச் சோதனை சேர்ந்தது. தரையில் எட்டு அடி, அதாவது சுமார் இரண்டரை மீட்டர் தூரத்தைக் குறித்து, வழக்கமாக நடக்கிற வேகத்தில் நடக்கச் சொல்லி நேரம் பார்ப்பது. இரண்டு விநாடியில் முடிந்துவிடும் விஷயம். ஆனால் நடை என்பது இதயம், நுரையீரல், மூட்டு, தசை, நரம்பு, மூளை எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை, இதில் எது தேய்ந்தாலும் நடையில் தெரியும். எரிக் ப்ரன்னர் குழு 2009இல் வெளியிட்ட கணக்குப்படி, வயது வித்தியாசத்தைச் சரிசெய்த பிறகும், உயர்ந்த பதவியில் இருந்தவர்களின் நடைவேகம் கடைசிப் பதவியில் இருந்தவர்களின் வேகத்தைவிட சுமார் 13 சதவீதம் அதிகம். இதை யோசித்துப் பாருங்கள். சாலையைக் கடப்பது, பஸ்ஸைப் பிடிப்பது, இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போவது, எல்லாம் இந்த எட்டு அடிகளால் ஆனவைதான்.

என்னை அதிகம் பாதித்தது 2007இல் தாரணி சந்தோலாவும் மற்றவர்களும் எழுதிய கட்டுரை. ஊழியர்கள் தங்கள் உடல்நலம் பற்றித் தாங்களே சொன்னதை 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். உயர்பதவியில் இருந்த 70 வயதுக்காரரின் உடல்நலம், தாழ்ந்த பதவியில் இருந்தவருக்கு அவரைவிட எட்டு வயது குறைவாக இருக்கும்போதே, அதாவது 62 வயதிலேயே, வந்துவிடுகிறது. நடுவயதில் இந்த இடைவெளி நாலரை வருடம்தான். அதாவது வயது ஆக ஆகப் பிளவு விரிகிறது. 'வயசானா எல்லாரும் ஒண்ணுதான்' என்று ஆறுதலாகச் சொல்கிறோம், தரவு அப்படிச் சொல்லவில்லை.

மூளைத் திறனும் இதே ஆய்வில் வந்தது. அர்ச்சனா சிங்-மனூ குழு 2012இல், 45 முதல் 49 வயதுக்குள் இருந்தவர்களிடமே பத்து ஆண்டுகளில் பகுத்தறியும் திறன் 3.6 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. முதுமை 60இல் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டு அப்போது போய் மருத்துவம் பார்க்கலாம் என்றிருந்தால் தாமதம்.

எதிர்வாதங்கள்

இந்த ஆய்வுகள் எதிர்ப்பில்லாமல் ஏற்கப்பட்டவை அல்ல. முதல் எதிர்வாதம், உடல்நலம் கெட்டவர்களுக்குப் பதவி உயர்வு கிடைக்காது, அதனால்தான் கீழே நோயாளிகள் தேங்குகிறார்கள் என்பது. கொஞ்சம் உண்மை இருக்கலாம், ஆனால் ஆரோக்கியமாக வேலைக்கு வந்தவர்களைப் பின்தொடர்ந்தாலும் சரிவு தெரிகிறதே.

இரண்டாவது வாதம் கனமானது, அதுவும் அதே வொயிட்ஹால் தரவில் இருந்தே வந்தது. சில்வியா ஸ்ட்ரிங்கினி குழு 2010இல் சொன்னது இது: புகை, மது, உணவு, உடற்பயிற்சி ஆகியவற்றை ஆரம்பத்தில் ஒரே ஒருமுறை அளந்தால் அவை இறப்பு வித்தியாசத்தில் 42 சதவீதத்தை விளக்குகின்றன. ஆனால் 24 ஆண்டுகளில் திரும்பத் திரும்ப அளந்தால் 72 சதவீதம் வரை விளக்குகின்றன. காரணம் எளிது, மேலே இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிகரெட்டை விட்டுவிட்டார்கள், கீழே இருந்தவர்கள் அந்த அளவுக்கு விடவில்லை. ஆரம்பத்து அளவீடு அந்த மாற்றத்தைப் பார்க்கவில்லை. அப்படியானால் மார்மட் சொன்ன மன அழுத்தமும் கட்டுப்பாடும் எல்லாம் மிகையா? வேலை அழுத்தத்தின் நேரடி விளைவு முதலில் நினைத்த அளவு பெரிது இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2012இல் மிகா கிவிமாகி தலைமையில் ஐரோப்பிய ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்துச் சுமார் 2 லட்சம் பேரை வைத்துப் பார்த்தபோது, வேலை அழுத்தம் உள்ளவர்களுக்கு இதயநோய் அபாயம் 23 சதவீதம்தான் கூடுதல். இது சிறியதும் இல்லை, இரு மடங்கும் இல்லை.

ஆனால் அதே ஸ்ட்ரிங்கினி அடுத்த ஆண்டே பிரான்சின் மின்சார, எரிவாயு நிறுவன ஊழியர்களிடம் இதே கணக்கைப் போட்டார். அங்கேயும் கீழே இருப்பவர்கள்தான் அதிகம் இறக்கிறார்கள், ஆனால் பழக்கவழக்கங்கள் அதில் 19 சதவீதத்தைத்தான் விளக்கின. பிரான்சில் சிகரெட் பழக்கம் பதவிவாரியாக அவ்வளவு பிரிந்திருக்கவில்லை. ஒரு நாட்டில் சிகரெட் வழியாகவும் இன்னொரு நாட்டில் வேறு வழியாகவும் அதே வித்தியாசம் வந்து சேர்கிறது என்றால், 'அவரவர் கெட்ட பழக்கம்' என்று சொல்லிக் கதவை மூடுவது சரியில்லை. சிகரெட்டை விட முடிகிறவர் யார், விட முடியாதவர் யார் என்பதே பதவியைப் பொறுத்து இருக்கிறது.

அரசு என்ன செய்தது

2002இல் இங்கிலாந்து முழுவதற்கும் 50 வயதைத் தாண்டியவர்களைத் தொடரும் ஆய்வு ஒன்று தொடங்கியது, மார்மட்டும் அதை வழிநடத்தியவர்களில் ஒருவர். அமெரிக்காவில் இருந்த இதே மாதிரி ஆய்வோடு ஒப்பிட்டு 2006இல் வந்த முடிவு பலரை உலுக்கியது: மருத்துவத்துக்குத் தலைக்கு இரண்டு மடங்குக்கு மேல் செலவழிக்கும் அமெரிக்காவில் 55 முதல் 64 வயது வெள்ளையர்கள், அதே வயது ஆங்கிலேயரைவிட சர்க்கரை, இதயநோய், பக்கவாதம் எல்லாவற்றிலும் மோசமாக இருந்தார்கள். இரண்டு நாட்டிலும் கீழே போகப் போக நோய் அதிகம்.

அரசு கேட்டுக்கொண்டபடி மார்மட் தலைமையில் தயாரான அறிக்கை 2010 பிப்ரவரியில் வந்தது. இங்கிலாந்தின் ஏழைப் பகுதிகளில் இருப்பவர்கள் பணக்காரப் பகுதிகளில் இருப்பவர்களைவிடச் சராசரியாக 7 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள். உடல் முடங்காமல் வாழும் ஆண்டுகளை எண்ணினால் வித்தியாசம் 17 ஆண்டுகள். ஓய்வூதிய வயதை 68க்கு உயர்த்தப் போகிறோம் என்று அரசு பேசிக்கொண்டிருந்த நேரம் அது. நாட்டு மக்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் வாழும் பகுதிகளில் உடல் முடங்காத வாழ்வு சராசரியாக 68 வயது வரை நீடிப்பதே இல்லை என்று அறிக்கை எடுத்துக் காட்டியது. பத்து ஆண்டு கழித்து 2020இல் அவர் மறுபடி அளந்தபோது, நூறாண்டுக்கு மேலாக ஏறிக்கொண்டிருந்த சராசரி ஆயுள் 2011க்குப் பிறகு கிட்டத்தட்ட நின்றுவிட்டிருந்தது, மிக ஏழ்மையான பத்தில் ஒரு பங்குப் பகுதிகளில் பெண்களின் ஆயுள் குறைந்தே போயிருந்தது. நடுவில் சிக்கனம் என்ற பெயரில் உள்ளாட்சிகளுக்கான நிதியை வெட்டினார்கள், ஏழைப் பகுதிகளில்தான் வெட்டு ஆழமாக விழுந்தது.

ஓய்வூதிய வயது 2020இல் 66 ஆனது. 2026இல் இருந்து 2028க்குள் 67 ஆகிறது. 68ஐ முன்கூட்டியே கொண்டுவரலாமா என்ற முடிவை 2023 மார்ச்சில் தள்ளிவைத்தார்கள், கோப்பு இன்னும் மூடப்படவில்லை. 67 என்பது முன்னாள் உயரதிகாரிக்கு நல்ல உடம்போடு இன்னும் பல ஆண்டுகள் மீதமிருக்கும் வயது. ஒரு பியூனுக்கோ துப்புரவுப் பணியாளருக்கோ அது ஏற்கெனவே முட்டி போய், மூச்சு வாங்குகிற வயது. எண் ஒன்றுதான், பறிக்கப்படுவது ஒன்றல்ல. நீண்ட காலம் உடலுழைப்பு வேலை செய்தவர்களுக்கு, சிறுவயதிலேயே வேலைக்கு வந்தவர்களுக்கு, முன்னதாகவே முழு ஓய்வூதியம் கிடைக்கிற வழி இருக்க வேண்டும். இத்தனை வருடச் சேவை என்று பார்க்கத் தெரிந்த அரசுக்கு எந்தப் படியில் சேவை என்று பார்ப்பது முடியாத காரியம் இல்லை.

இந்த ஆய்வுக் குடும்பத்தில் இந்தியாவுக்கும் ஒரு கிளை உண்டு. மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் ஹார்வர்டோடும் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து நடத்தும் இந்திய முதுமை ஆய்வு அது. அமெரிக்க, ஆங்கிலேய ஆய்வுகளோடு ஒப்பிடத் தக்க விதத்தில் வடிவமைத்து, 2017-18இல் 45 வயதைத் தாண்டிய 72,000க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டும் அளந்தும் பார்த்தார்கள். முதல் அறிக்கை 2021 ஜனவரியில் வந்தது. தமிழ்நாடும் அதில் தனியாக இருக்கிறது. கைப்பிடி வலிமையும் நடைவேகமும் அங்கேயும் அளக்கப்பட்டிருக்கின்றன, படிப்பு, செய்த வேலை, சொத்து, சாதி எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன, ஆய்வாளர்கள் விண்ணப்பித்தால் தரவு கிடைக்கும். புள்ளியியலோ பொதுச் சுகாதாரமோ படிக்கிற யாராவது தமிழ்நாட்டுப் பகுதியை மட்டும் எடுத்து, வயல் வேலை செய்த 60 வயதுப் பெண்ணின் நடைவேகம் ஆசிரியராக இருந்த பெண்ணுக்கு எத்தனை வயதில் வருகிறது என்று கணக்குப் போட்டு, அதைத் தமிழிலேயே எழுதுங்கள்.